தூக்குவாளிக்குள் கேட்ட சிலம்பொலி

ஒரு திருவடியை ஊன்றி, மறு திருவடியைத் தூக்கி, உலகெல்லாம் ஆடத் தான் மட்டும் புன்னகை மாறாமல் ஆடுகின்ற கூத்தப் பெருமானே! அடியேன் இங்கே எழுதப் புகுவது உன் புகழை அன்று. உன் சந்நிதியில் அடியேன் பட்ட அவமானத்தை. அன்று உன் அடியார்கள் சிரிப்பை அடக்க மாட்டாமல் மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டு நின்றதை நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். ஆகவே இக்கட்டுரைக்குக் காப்பும் நீயே, சாட்சியும் நீயே.

இன்று ஆனி உத்திரம், உனக்குத் திருமஞ்சனம் நிகழும் நன்னாள். பினாங்குத் தீவில் டுரியான் என்னும் முள்தோல் பழம் விழும் பருவமும் இதுவே. விடியற்காலையில் சன்னலைத் திறந்தால் மலைச்சரிவிலிருந்து அந்த மணம் அழைக்காத விருந்தாளியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இறைவனுடைய அபிஷேக நாளையும் இப்பழத்தின் பருவத்தையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தது எதற்காக என்ற கேள்விதான் சில ஆண்டுகளுக்கு முன் அடியேனைக் கெடுத்தது.

பக்தியும் ஆராய்ச்சி ஆசையும் ஒரே மனிதருக்குள் குடியிருக்கலாம், குற்றமில்லை. ஆனால் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டு மூடி வைக்கக் கூடாது. இவ்வுண்மையை அடியேன் நூல்களில் கற்கவில்லை. கோயில் தலைவரின் பட்டுச் சட்டையில் கற்றேன்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் அடியேனும் மனைவியும் பாயான் லெப்பாஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். காலை மாலை பதிகம் ஓதுவதும், விழா நாள்களில் கோயிலில் சொற்பொழிவு ஆற்றுவதும் அடியேனுக்கு எஞ்சிய தொழில்கள். சொற்பொழிவுக்கு அந்நாளில் ஆண்டுதோறும் ஒரே தலைப்பு: மதுவின் தீமை. (தலைப்பை மாத்தச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கேக்க வேற யாராவது முழிச்சிருக்கணுமே!)

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், மலை தொடங்கும் இடத்தில், வெகுகாலம் புதர் மண்டிக் கிடந்த ஒரு துண்டு நிலம் உண்டு. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் மல்லிகா அதைத் திருத்தித் தோட்டமாக்கினாள். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். வேலை முடிந்து பேருந்தை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் மண்வெட்டியோடு தோட்டத்துக்குப் போனாள். அவளைப் பார்த்து மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று அண்டை வீட்டார் எல்லாரும் ஒவ்வொரு பாத்தியை எடுத்துக்கொண்டார்கள். கீரை, கத்தரி, பயற்றங்காய், சின்னஞ்சிறு மஞ்சள் வாழை என எல்லாம் விளைந்தன. கெலுலூட் எனப்படும் கொடுக்கில்லாத சிறு தேனீக்களுக்கு மரக்கட்டைகளில் வீடு அமைத்தார்கள். நிலத்தின் ஓரத்தில், முன்பு அங்கிருந்த பழத்தோப்பின் மிச்சமாக, ஒற்றை டுரியான் மரம் நின்றது. அதைப் பாக் மான் என்ற மலாய்ப் பெரியவர் பார்த்துக்கொண்டார்.

தோட்டத்தில் அடியேனுடைய பங்கு கேள்வி கேட்பது. கெலுலூட் தேன் ஏன் புளிக்கிறது? கத்தரிப் பூ ஏன் தலை குனிந்திருக்கிறது? மல்லிகா ஒருநாள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: “ஐயா, நீங்க கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருந்தா இந்தப் பாத்தி காஞ்சிரும். அந்த வாளியக் கொஞ்சம் தூக்குங்களேன் லா.”

அந்தத் தோட்டத்துக்குத்தான் ஆபத்து வந்தது. அடுக்குமாடி நிர்வாகம் அந்நிலத்தைக் கார் நிறுத்தும் இடமாக்க விரும்பியது. விளைச்சலைத் தொடர்ந்து வாங்கிக்கொள்ள நிலையான ஓர் இடம் இருக்கிறது என்று பருவம் முடிவதற்குள் காட்டினால் தோட்டம் இருக்கலாம். இல்லையேல் தார் போட்டுவிடுவோம் என்றார்கள்.

“கோயில்ல வாராவாரம் அன்னதானம் நடக்குதில்ல? அந்தக் கிச்சன் நம்ம காய எடுத்துக்கிட்டா கெபுன் பொழைச்சுக்கும்,” என்றாள் மல்லிகா. கெபுன் என்பது இங்கே தோட்டத்துக்கு எல்லாரும் சொல்லும் பெயர். “ஐயாவுக்குத்தான் தலைவரைத் தெரியுமே. ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சொன்னேன். கோயில் தலைவர் எதிலும் நிதானமானவர். பட்டுச் சட்டையில் மடிப்புக் கலைந்து அவரைக் கண்டவர் இல்லை. “ஆனி உத்திரம் வருது ஐயா,” என்றார். “அன்னிக்கு அபிஷேகத்துக்கு, சமையலுக்கு உங்க கெபுன் சாமான் கொஞ்சம் கொண்டாங்க. ஜனங்க சாப்பிட்டுப் பாக்கட்டும். அப்புறம் கமிட்டியில பேசி முடிவு சொல்றேன்.”

மல்லிகாவின் திட்டம் எளிமையானது: காய்கறிகளும் ஒரு தார் வாழைப்பழமும். அதோடு அடியேன் வாய் மூடி இருந்திருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி அடியேனை உறங்கவிடவில்லை.

பழைய பதிகங்களைப் பாருங்கள். இறைவன் எழுந்தருளிய ஊர் எதுவானாலும் அங்கே மா கனிந்து உதிரும், பலா வெடித்துச் சுளை காட்டும், வாழை தார் சாய்க்கும், தேன் வழிந்தோடும். டுரியான் மட்டும் எங்கும் இல்லை. அப்பதிகங்களைப் பாடியவர்கள் கப்பலேறி, ஆனி மாதத்தில் பினாங்கில் வந்து இறங்கியிருந்தால் என்ன பாடியிருப்பார்கள்? இத்தனை நூற்றாண்டுகளாக இறைவனுக்கு இப்பழத்தை யாரும் அறிமுகப்படுத்தவில்லையே! (சாமியே படைச்ச பழத்த சாமிக்கே அறிமுகப்படுத்தப் போன ஆள நீங்க பாத்ததில்லையே? இப்பப் பாத்துக்குங்க.)

அந்த மரத்தின் குணம் வேறு அடியேனைப் பித்தனாக்கியது. “பெத்திக் தா பொலே, ஐயா,” என்று பாக் மான் ஒருமுறை கையை ஆட்டித் தடுத்திருந்தார். பறிக்கவே கூடாதாம், பழுத்த பின் அதுவாக விழும்வரை கீழே காத்திருக்க வேண்டுமாம். கேட்டதும் அடியேனுக்குக் கண் கலங்கியது. “பார்த்தாயா மல்லிகா! பக்குவப்பட்ட உயிர் தானே வந்து திருவடியில் விழுகிறது!”

“தள்ளி நின்னு பேசுங்க ஐயா. பக்குவப்பட்ட உயிர் உங்க தலையில விழப்போவுது.”

முடிவு செய்துவிட்டேன். டுரியான், தோட்டத்து வாழைப்பழம், கெலுலூட் தேன், பனைவெல்லம் எல்லாம் கலந்து, நெய் வார்த்து, பினாங்கு மண்ணின் பஞ்சாமிர்தம் ஒன்றை அடியேன் கையாலேயே செய்து இறைவனுக்கு அபிஷேகம் செய்விப்பது. கோயிலே வியக்கும், தலைவர் அங்கேயே தலையசைப்பார், தோட்டம் காப்பாற்றப்படும். மல்லிகா கொஞ்சம் தயங்கினாள். “வாழைப்பழமே போதும்னு தோணுது ஐயா,” என்றாள். பெரியவரின் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று பிறகு விட்டுவிட்டாள்.

திருநாளுக்கு முந்திய தினமே வேலையைத் தொடங்கினேன். பஞ்சாமிர்தம் கெடாது என்பது அடியேனுடைய அசையாத நம்பிக்கை. இறைவனுக்குப் படைக்கும் பொருளை முன்னதாக ருசி பார்க்கக் கூடாது, முகர்ந்தும் பார்க்கக் கூடாது என்பது எங்கள் குடும்ப ஆசாரம். எனவே மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு பிசைந்தேன். அதன் ருசி எப்படியிருக்கும் என்று அறியும் ஆவலில் நாக்கு அண்ணத்தில் முட்டி முட்டித் திரும்பியது. அடக்கிக்கொண்டேன். மனைவி கதவோரத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்; இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தாலும் கோபம் வந்தால் அந்தப் பேச்சுத்தான் வரும்.

“இஞ்சருங்கோ, மேல்மாடிச் சீனத்தி கதவைத் தட்டி எங்க டுரியான் விக்கிறியள் எண்டு கேட்டுட்டுப் போறாள். முழுக் கட்டடமும் மணக்குது. உங்களுக்கு மட்டும் மணக்கேல்லையோ?”

துணிக்குள்ளிருந்து “உம்” என்றேன்.

“சரி, செய்தாச்சு. குளிர்ப்பெட்டிக்குள்ள வையுங்கோவன்.”

துணியை அவிழ்த்தேன். “என்ன பேச்சு இது? நேற்றைய வெங்காயக் குழம்பு உள்ளே இருக்கிறது. அதன் பக்கத்தில் ஆண்டவனுக்கு உரியதை வைப்பதா?”

ஆகவே கொக்கி போட்டு இறுக்கும் மூடியுள்ள பெரிய எவர்சில்வர் தூக்குவாளியில் கழுத்துவரை நிரப்பி, பூசை அறையில் வைத்தேன். திருநாளை முன்னிட்டு அங்கே விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. வாளியை அதன் அருகிலேயே, கதகதப்பாக, அமர்த்தினேன். உறை ஊற்றிய பாலைக்கூட இவ்வளவு பக்குவமான இடத்தில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

மாலையில் பதிகம் ஓத உட்கார்ந்தேன். ஆடும் திருவடியின் சிலம்பொலியைப் போற்றும் இடம் வந்தது. அப்போது கேட்டது. கிணு... கிணு... கிணு.

ஓதுவதை நிறுத்தினேன். ஒலியும் நின்றது. மீண்டும் தொடங்கினேன். கிணு கிணு.

ஒலி வாளிக்குள்ளிருந்து வந்தது. அடியேனுக்கு உடல் சிலிர்த்தது. எத்தனை ஆண்டுகள் ஓதியிருக்கிறேன்! கடைசியில் ஒரு டுரியான் பழத்தின் வழியாகவா ஐயனே உன் சிலம்பொலியைக் கேட்கக் கொடுத்தாய்? கண்ணீர் தாடையில் வழிய மனைவியைக் கூப்பிட்டேன். அவளும் வந்து காது கொடுத்துக் கேட்டாள்.

“மூடி ஆடுது,” என்றாள்.

“சிலம்பு!”

“மூடிதான் ஆடுது. உள்ள என்னவோ பொங்குது. ஒருக்காத் திறந்து பாருங்கோ.”

திறப்பதா! படைப்பதற்கு முன்பா! அவளுடைய பக்திக் குறைவை மன்னித்தேன். மூடி ஆடினால் எறும்பு புகுந்துவிடும் என்று மட்டும் தோன்றியது. ஆகவே கொக்கியை இன்னும் இறுக்கி, மஞ்சள் துணியால் வாளியைச் சுற்றி, நூற்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி முடிச்சுப் போட்டேன். சிலம்பொலி அடங்கியது. இறைவன் துயில்கிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மல்லிகா தன் காரில் காய்கறிகளையும் வாழைத்தாரையும் ஏற்றினாள். அடியேன் முன்னிருக்கையில் வாளியை மடியில் குழந்தையைப்போல் வைத்துக்கொண்டேன். ஜார்ஜ் டவுனை நோக்கிப் பாதி வழி போயிருப்போம். ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் ஓசை.

மல்லிகா காரை ஓரங்கட்டினாள். “டயர் போச்சு,” என்று இறங்கி நான்கு சக்கரங்களையும் உதைத்துப் பார்த்தாள். எல்லாம் கல்போல் இருந்தன. மீண்டும் ஏறினாள். மீண்டும் ‘ஸ்ஸ்ஸ்’. மீண்டும் இறங்கினாள்.

“ஐயா, உங்க பக்கத்துலேருந்துதான் வருது. உங்களுக்கு வயிறு கியிறு சரியில்லையா? கூச்சப்படாமச் சொல்லுங்க. வழியில நிறுத்துறேன்.”

ஒரு பழுத்த சிவனடியாரிடம் கேட்கிற கேள்வியா அது? சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. கூத்தப் பெருமான் சந்நிதியில் திரை போட்டிருந்தது. அபிஷேகம் தொடங்கும் வேளை. திரைக்கு முன்னால் நாதசுரமும் தவிலும் ஆயத்தமாக அமர்ந்திருந்தன. தலைவர் பட்டுச் சட்டை பளபளக்க நின்று அபிஷேகப் பொருள்களை ஒவ்வொன்றாக வாங்கிக் குருக்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். வாளியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“ஐயாவே செஞ்சதா? கெபுன் சாமானா?”

“எல்லாம் தோட்டத்து விளைச்சல். அடியேன் கைப்பட...” என்றேன்.

“அப்ப நானே தொறக்குறேன்,” என்று வாளியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். முடிச்சு லேசில் அவிழவில்லை. தலையைக் குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி, பல்லால் கடித்துக் கயிற்றை அறுத்தார். கொக்கியில் விரலை வைத்தார்.

டமார்!

மூடி மேலே பறந்தது. பறந்த மூடி, தொங்கிக்கொண்டிருந்த பெரிய மணியில் மோதி ‘டங்ங்’ என்று ஒலித்தது. மணி அடித்தால் தீபாராதனை என்பது தவில்காரரின் பழக்கம். அவர் கண்ணை மூடிக் கெட்டிமேளம் கொட்டினார். நாதசுரம் உச்சத்தில் சேர்ந்துகொண்டது. மேளம் கேட்டால் கைகள் தலைக்கு மேல் போகும் என்பது அடியார்களின் பழக்கம். கூட்டம் முழுவதும் கைகூப்பி “சிவ சிவா!” என்று முழங்கியது.

திரை திறக்கவில்லை. திரைக்கு முன்னால் தலைவர் நின்றார். தலைமுடியிலிருந்து பாதம்வரை பொன்மஞ்சளாகப் பஞ்சாமிர்தம் வழிந்துகொண்டிருந்தது. ஒரு புருவத்தில் டுரியான் சுளை. அடியார்கள் அனைவரும் அவரை நோக்கித்தான் கைகூப்பி நின்றார்கள். ஓர் அம்மையார் கன்னத்தில் போட்டுக்கொண்டதை அடியேன் கண்ணால் கண்டேன்.

பிறகு மேளம் ஒவ்வொன்றாக நின்றது. வாசனை எழுந்தது. அது டுரியான் வாசனை மட்டுமன்று.

குருக்கள் திரையை விலக்கி எட்டிப் பார்த்து மூக்கைச் சுருக்கினார். “என்ன இது, கள்ளு வாடை அடிக்கறது?”

கூட்டத்தில் யாரோ சொன்னார்: “நம்ம மதுவிலக்கு ஐயா கொண்டாந்ததுதான்.”

பூமி பிளந்து அடியேனை விழுங்கியிருக்கலாம். அது பிளக்கவில்லை. தலைவர் கண் இமைகளைத் துடைத்துக்கொண்டு அடியேனையே பார்த்தார். உதட்டோரத்தில் வழிந்ததை அவருடைய நாக்கு, அவரை அறியாமல், வெளியே வந்து தொட்டுக்கொண்டு உள்ளே போனது. அந்த நேரத்தில் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு நேரமாக அடக்கி வைத்திருந்த ஆவல், மூடியைவிட வேகமாக அடியேன் வாயிலிருந்து பறந்துவிட்டது.

“ருசி எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன்.

மேல்துண்டுகள் வாய்களுக்குள் போனது அப்போதுதான். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. மல்லிகாவும் சிரிக்கவில்லை. அவள் கீரைக் கூடையைப் பிடித்தபடி தூணோரம் நின்றாள். அவள் கண்ணில் நீர் நின்றது. தார் ஊற்றிய நிலத்தையும் வரிசையாக நிற்கும் கார்களையும் அவள் அப்போதே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அடியேனுக்குத் தெரிந்தது. அவமானம் அதன் பின்னர்தான் உண்மையில் வந்தது. அது அதுவரை வந்ததைப் போன்றதன்று.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குருக்களிடம் போனாள். “சாமி, அபிஷேகத்துக்குப் பஞ்சாமிர்தம் வேணும்தானே? கொஞ்ச நேரம் குடுங்க. எங்க கெபுன் வாழைப்பழம் இருக்கு.”

“சீக்கிரம் ஆகட்டும்மா,” என்றார் குருக்கள்.

அவளுக்குப் பின்னால் அடியேனும் மடப்பள்ளிக்கு ஓடினேன். மடப்பள்ளிச் சர்க்கரை, மடப்பள்ளித் தேன், நெய். மல்லிகா தாரைப் பிரித்துப் பாதியை அடியேன் முன்னால் வைத்தாள்.

“இதை ஏலக்காயோடு சேர்த்து...” என்று தொடங்கினேன்.

“ஐயா. வாழைப்பழத்த மட்டும் உரிங்க. வேற ஒண்ணும் யோசிக்காதீங்க.”

உரித்தேன். வாழ்நாளில் அவ்வளவு பணிவோடு அடியேன் எதையும் செய்ததில்லை. அந்தப் பஞ்சாமிர்தம் இறைவன் திருமேனியில் வழிந்தபோது கோயில் முழுவதும் வாழை மணம் கமழ்ந்தது. அடியேன் கூட்டத்தின் கடைசியில், செருப்பு வைக்கும் இடத்தை ஒட்டி நின்று சேவித்தேன்.

அன்னதானத்தில் தோட்டத்துக் கத்தரிக்காய்க் குழம்பும் கீரைக் கூட்டும் பரிமாறினார்கள். தலைவர் குளித்துவிட்டு, சமையற்காரரிடம் இரவல் வாங்கிய வேட்டியில், பந்தியில் வந்து உட்கார்ந்தார். அடியேன் வாளி ஏந்திச் சாதம் பரிமாறினேன். அவர் இலைக்கு வந்ததும் அடியேனையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தபடியே சற்றுப் பின்னால் நகர்ந்தார். பக்கத்திலிருந்தவர்கள் தொண்டையைச் செருமினார்கள்.

மல்லிகா அடுப்படி வாசலிலிருந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கத்தரிக்காயை மறுபடி கேட்டார். பிறகு கீரையை மறுபடி கேட்டார். அடியேன் குனிந்தபோது காதருகில் மெல்லச் சொன்னார்: “ருசி கேட்டீங்கள்ல? வெளிய சொல்லிராதீங்க. நல்லாத்தான் இருந்துச்சு.”

கை கழுவிவிட்டு மல்லிகாவைக் கூப்பிட்டார். கமிட்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

“காய் நல்லாருக்கும்மா. இப்பப் பறிச்ச மாதிரி இருக்கு. வாராவாரம் கொண்டாங்க, நாங்க எடுத்துக்குறோம். அடுக்குமாடி ஆபீசுக்குக் கோயில் பேர்ல நானே பேசுறேன்.” மல்லிகா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தலைவர் அடியேன் பக்கம் திரும்பினார். “ஆனா ஒண்ணு. உங்க கெபுன்லேருந்து வர்ற எதுவும் மூடி போட்டு வரக் கூடாது. தொறந்த கூடை மட்டும்தான்.”

“மழை பெய்தால்?” என்று கேட்டேன்.

“நனையட்டும் ஐயா.”

இன்றும் அந்தத் தோட்டம் இருக்கிறது. கோயிலுக்குக் காய் திறந்த கூடையில்தான் போகிறது. கோயிலில் அதற்குப் பெயரே ‘ஐயா கூடை’. அடியேனுடைய சொற்பொழிவுத் தலைப்பும் மாறிவிட்டது. இப்போது பொறுமையைப் பற்றிப் பேசுகிறேன்.

வீட்டில்தான் விமோசனம் இல்லை. சென்ற தை மாதம் பேரனுக்கு நிச்சயதார்த்தம். செபராங் ஜெயாவிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார், பலகாரம் நிறைந்த பெரிய எவர்சில்வர்ப் பாத்திரம் ஒன்றைக் கூடத்தின் நடுவில் வைத்து, “பெரியவர் கையாலே தொறக்கட்டும்,” என்று மரியாதையாகச் சொன்னார்கள். அடியேன் எழுந்து மூடியில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தேன். மனைவி, மகன், மருமகள், மாப்பிள்ளையாகிய பேரன் உட்பட எங்கள் குடும்பம் முழுவதும் நாற்காலிகளுக்குப் பின்னால் போய்க் குந்தியிருந்தது. கூடத்தில் சம்பந்தி வீட்டார் மட்டும் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

“நீங்கள் திறவுங்கோ,” என்றாள் மனைவி, சோபாவுக்குப் பின்னாலிருந்து. “நாங்கள் இஞ்சயிருந்தே சாமி கும்பிடுறம்.”

இதைப் படித்தவர்களும், படிக்கக் கேட்டவர்களும், நடுவில் சிரித்தவர்களும், பாவம் என்று அடியேனுக்காக இரங்கியவர்களும் நீடு வாழ்க! பருவந்தோறும் உங்கள் மண் விளைக. விளைந்தது வாடுமுன் பசித்தவர் இலையைச் சேர்க. உங்கள் அடுப்பு அணையாதிருக்க, நீங்கள் மூடியவை அனைத்தும் அமைதியாகத் திறக்க, ஆடுகின்ற பெருமான் அருள் புரிவானாக!